இறங்குதளம்

பச்சை மூங்கிலை முழங்காலுக்கடியில் அழுத்திக்கொண்டு, ஓங்கிய அரிவாளை இறக்காமலேயே ஐயாவு கேட்டார்:

"எந்த வழின்னு சொல்லிடு அம்சம். வெட்டினதுக்கப்புறம் ஒட்ட முடியாது."

நெடுங்கரைக் காலனித் தெருவில் பாடை கட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, சுடுகாட்டுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்பதைத்தான். கோடையில் காலை நனைக்காமல் போய்விடலாம். நான்கு பேர் தோள்கொடுத்தால் போதும். மூங்கில் ஆள் நீளத்துக்குச் சற்றே மேலிருந்தால் சரி. ஐப்பசியில் அப்படியில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் முன்னால் நான்கு பேரும் பின்னால் நான்கு பேருமாகத் தலைக்குமேல் ஏந்திப் போக வேண்டும். அதற்கு இருபுறமும் இரண்டு முழம் கூடுதலாக விட்டு வெட்டுவார்கள். தண்ணீர் எவ்வளவு என்று கேட்காமல், எந்த வழி என்று ஒருவர் கேட்பது அந்தத் தெருவில் இதுவே முதல் முறை.

கேள்வி தன்னிடம் ஏன் வந்தது என்பது அம்சத்துக்குத் தெரியும். இறந்துபோன இராஜாங்கத்துக்கு அவள் ஒரே மகள். திருவாரூர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். இவை இரண்டையும்விட முக்கியமானது, இராஜாங்கம் எதற்காக ஹெலிகாப்டர் வாங்கக் கிளம்பினார் என்பது அவளுக்காவது தெரிந்திருக்கும் என ஊர் நம்பியது. தெரியாது என்று அவள் சொன்னதை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா."

"நான் பொறுப்பேன். பொழுது பொறுக்குமா?" ஐயாவு அரிவாளைத் தரையில் கொத்தி நிறுத்தினார். "பத்திரம் நம்ம பேர்ல இருக்கு. தூக்கிட்டு நேராப் போவோம்னு ஒரு வார்த்தை சொல்லு. மறிக்கிறவன் மறிக்கட்டும்."

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்துக் காய்த்துப்போன கை அவருடையது. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஒரு பிணத்தை நேராகத் தூக்கிக்கொண்டு போய், விளைந்த பயிரை மிதித்ததாக வழக்கு வாங்கித் திருச்சிச் சிறையில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பிணமும் கடைசியில் வாய்க்கால் வழியாகத்தான் போனது.

பந்தலுக்குள் பெஞ்சின்மேல் இராஜாங்கம் கிடத்தப்பட்டிருந்தார். குளிப்பாட்டியும் வலது கை விரலிடுக்குகளில் சுண்ணாம்பு போகவில்லை. நேற்றுக் காலை, வயலுக்கு நடுவே தாம் வாங்கிச் சமப்படுத்தியிருந்த இடத்தில் ஹெலிகாப்டர் இறங்குவதற்கான 'எச்' எழுத்தைத் தாமே எழுதிக்கொண்டிருந்தார். நெடுக்குக் கோடுகள் இரண்டையும் முடித்துவிட்டு, குறுக்குக் கோட்டுக்காக வாளியை நகர்த்தக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர். அறுபத்திரண்டு வயது.

தலைமாட்டில் அமர்ந்திருந்த அவர் மனைவி காளியம்மாள், வந்து அழுத ஒவ்வொரு பெண்ணிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதுடி இந்த மனுசனுக்கு. ஸ்கூட்டர்."

அது உண்மைதான். அபுதாபியில், கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்களை இருபத்துமூன்று ஆண்டுகள் பழுதுபார்த்த மனிதருக்கு இரண்டு சக்கரத்தின்மேல் நம்பிக்கை வந்ததேயில்லை. பணி முடிந்து திரும்பியபோது, அவர் நிலம் வாங்குவார் என்று தெருவே காத்திருந்தது. யாருடைய வயலில் அவருடைய தந்தை பண்ணையாளாக இருந்தாரோ, அந்த வயலில் ஒரு துண்டையாவது வாங்குவார் என்பது ஐயாவுவின் கணக்கு. வாங்கவும் செய்தார். ஆனால் நெல் விளைவிக்க அன்று.

அந்த இடத்தின் கதை இதுதான். காலனித் தெருவின் முனைக்கும் வெட்டாற்றங்கரையில் இருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே துரைராசுவின் வயல் கிடக்கிறது. நேராக நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். அந்த வழியைக் கேட்டு எத்தனையோ மனுக்கள் போயின. ஆட்சி மாறும்போதெல்லாம் மனு புதிதாக எழுதப்பட்டது, வழி மாறவில்லை. துரைராசு எந்த ஆட்சியிலும் ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்தார். 'என் வயல்ல பொணம் போகாது' என்பதைத் தவிர அவர் வேறு விளக்கம் கொடுத்ததில்லை.

சென்ற தேர்தலில் கட்சித் தலைவர் ஹெலிகாப்டரில் வந்தார். அறுவடையான வயலொன்றைச் சமப்படுத்தி, வெள்ளையில் 'எச்' எழுதி, சுற்றிலும் மூங்கில் தடுப்புக் கட்டியிருந்தார்கள். தலைவரைப் பார்க்கக் கூட்டம் போயிற்று. இயந்திரத்தைப் பார்க்க இராஜாங்கம் போனார். அம்சத்தையும் அழைத்துப் போயிருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆளுயர மாலையோடு துரைராசு நின்றிருந்தார். இறக்கைகள் கிளப்பிய காற்றில் தோள்துண்டு பறந்துவிடாதிருக்க ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டார். மறுகையிலிருந்த மாலையை அவரால் காப்பாற்ற முடியவில்லை; பூவெல்லாம் உதிர்ந்து நார் மிஞ்சியது. தலைவர் மறுபக்கமாக இறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார். துரைராசு அப்போதும் நகரவில்லை.

"பாத்தியா," என்றார் இராஜாங்கம் மகளிடம். "தலைவர் போயிட்டாரு. அவரு இன்னும் மெஷினைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

அடுத்த மாதம் அவர் துரைராசுவின் வீட்டுக்குப் போய் வந்தார். இரண்டாம் கையாக ஒரு சின்ன ஹெலிகாப்டர் வாங்கப்போவதாகவும், அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளத் திருக்கடையூர் போகிற தம்பதிகளை அதில் ஏற்றிப்போகப்போவதாகவும், அவசரத்துக்கு நோயாளிகளைத் திருச்சிக்குக் கொண்டுபோகத் திருச்சி மருத்துவர் ஒருவர் பங்கு சேர இசைந்திருப்பதாகவும் சொன்னார். வருகிற தை மாதம் துரைராசுவுக்கு அறுபது நிறைகிறது. முதல் தம்பதி அவர்களாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். இறங்குவதற்கு இடந்தான் இல்லை என்றார்.

துரைராசு யோசித்துக்கொண்டிருக்கையில், கூடத்துக்கு உள்ளிருந்து அவருடைய மனைவி ஆனந்தவல்லியின் குரல் வந்ததாம்:

"அதுக்கு எத்தனை எஞ்சின்?"

"ஒண்ணு உள்ளதும் இருக்கும்மா, ரெண்டு உள்ளதும் இருக்கு."

"ஒண்ணு உள்ளதுல நான் ஏற மாட்டேன். நின்னு போச்சுன்னா?"

"ரெண்டு உள்ளதாவே பாக்கிறேம்மா."

மனுக்கள் முப்பது ஆண்டுகளில் பெறாத நிலம், மூன்று வாரத்தில் பத்திரமாயிற்று. தெருமுனையில் தொடங்கி ஆற்றங்கரைவரை, முப்பதடி அகலத்தில் ஒரே நேர்க்கோடு.

அன்றிலிருந்து அம்சம் அவரைக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். சாப்பிடும்போதும் கேட்டாள், பேருந்து நிறுத்தத்திலும் கேட்டாள். "உண்மையாவே வாங்கப் போறீங்களாப்பா?" அவருடைய விடை மாறியதேயில்லை. "வாங்குறதுன்னா மொதல்ல எறங்க எடம் வேணும்ல?" அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதும் இல்லை, சிரிப்பை அடக்குவதும் இல்லை. அவள் கூர்ந்து பார்த்திருக்கிறாள்.

பத்து மணிக்குத் துரைராசுவின் கணக்கப்பிள்ளை கோவிந்தராசு வந்தார். பந்தலுக்குள் வராமல், தெருவிலேயே நின்று செய்தியைச் சொன்னார். ஹெலிகாப்டருக்கென்று கொடுத்த இடத்தில் பிணம் போகக்கூடாது. தெருமுனையில் பனந்துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். துரைராசு ஐயாவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அவருக்கு நாற்காலி போதுமா, கட்டிலும் அனுப்பணுமா?" என்றார் ஐயாவு.

"நான் சொல்ல வந்ததைச் சொல்லிட்டேன்பா. என்னைய ஏன் கடிக்கிற?"

கோவிந்தராசு திரும்பிப் போன அதே நேரத்தில் நாகூர்ப் பேருந்திலிருந்து இறங்கி சேக் தாவூது வந்தார். அபுதாபியில் இராஜாங்கத்தோடு ஒரே அறையில் பதினைந்து ஆண்டுகள் தங்கியிருந்தவர். அதே பணிமனையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவர். ஹெலிகாப்டர் தேடி இராஜாங்கம் போன ஊர்களுக்கெல்லாம் உடன் போனவரும் அவர்தான். நண்பரின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரலிடுக்கிலிருந்த சுண்ணாம்பைத் தம் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு பந்தற்காலோரம் வந்து நின்றார். அம்சம் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். இன்னைக்குக் கேக்கலாமான்னு தெரியல."

"கேளும்மா."

"அவரு நெசமாவே பாத்தாரா? ஹெலிகாப்டரை?"

"பாத்தானாவா?" தாவூது செம்பை இறக்கினார். "மூணு மெஷின் பாத்தோம் அம்சம். மொதல்ல பெங்களூர்ல. ஓனரு டீ வாங்கிக் குடுத்துட்டு, சும்மா சுத்திப் பாருங்கன்னான். உங்கப்பன் சட்டையைக் கழட்டிட்டு அடியில படுத்துட்டான். மெயின் கியர்பாக்ஸ் ஆயிலை வடிச்சு, வெள்ளைத் துணியில ஊத்தி, வெயில்ல புடிச்சான். மினுமினுன்னு இருந்துச்சு. இரும்புத் தூள். உள்ள பல்லு தேயுதுன்னு அர்த்தம். வேண்டாம்னுட்டான். ரெண்டாவது பம்பாய். கடலோரத்துலயே நின்ன மெஷின். புதுப் பெயின்ட்டு, பளபளன்னு. இவன் வால் பக்கம் காதை வச்சு, விரலால தட்டிக்கிட்டே போனான், தர்பூசணிப் பழத்தைத் தட்டுற மாதிரி. ஒரு எடத்துல சத்தம் மாறுச்சு. பெயின்ட்டுக்குள்ள உப்பு அரிச்சிருந்தது. வேண்டாம்."

"மூணாவது?"

தாவூது மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஹைதராபாத். ரெண்டு எஞ்சின், அஞ்சு பேரு உக்காரலாம். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பாத்தோம். எஞ்சினை நான் பாத்தேன், மத்ததை அவன் பாத்தான். ஒரு கொறை இல்ல. நானும் ஏதாச்சும் சொல்லுவான்னு அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஒண்ணும் சொல்லல. ஒரு வாளித் தண்ணியும் துணியும் கேட்டான். மெஷினைக் கழுவ ஆரம்பிச்சுட்டான்."

"கழுவினாரா?"

"மூக்குலேருந்து வால் வரைக்கும். எழுபத்தஞ்சுல அபுதாபிக்கு வந்தப்போ அவனுக்குக் குடுத்த மொத வேலை அதுதானே. கடல்லேருந்து திரும்புற மெஷினை நல்ல தண்ணியில கழுவணும். இல்லேன்னா உப்பு தின்னுடும். கழுவி முடிச்சுட்டு, 'வர்றோம் சார்'னு ஓனர்கிட்டச் சொல்லிட்டுக் கெளம்பிட்டான். ரயில்ல ஒரு வார்த்தை பேசல. வாங்கறியா இல்லியான்னு நானும் கேக்கல."

"கேட்டிருக்கலாமே மாமா."

"நீ கேட்டியே, சொன்னானா?"

அம்சம் பந்தலுக்கு வெளியே பார்த்தாள். தெருமுனைக்கு அப்பால் முழங்காலளவு சம்பாப் பயிர். நடுவே செம்மண் கொட்டி மேடாக்கிய நேர்க்கோடு. பொறியாளராக அவளை ஆறு மாதமாக உறுத்திக்கொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்க இவரைவிட்டால் ஆளில்லை.

"ஹெலிகாப்டர் நேரா மேலேருந்து எறங்கிடும்தானே? எதுக்கு இவ்வளவு நீளம்?"

"நேராவும் எறங்கும். ஆனா எந்தப் பைலட்டும் அப்படி எறங்கப் பிரியப்பட மாட்டான். ஒரு எஞ்சின் நின்னு போனா மெதுவா முன்னால ஓடி எறங்கணும். அதுக்கு மரம், கம்பி ஒண்ணும் இல்லாம எடம் வேணும்."

"அப்ப இந்த நீளம் வேணும்."

தாவூது கண்ணைச் சுருக்கி அந்தக் கோட்டை அளந்தார். 'எச்' எழுதியிருந்த இடம்வரை பார்த்தார். அங்கிருந்து ஆற்றங்கரைவரை பார்த்தார்.

"வேணும்," என்றார். பிறகு, "இவ்வளவு வேணாம்" என்றார்.

அம்சத்தின் பார்வையும் ஆற்றங்கரைவரை போய் நின்றது. எழுபத்தொன்றாம் ஆண்டில் அப்பாவைப் பெற்றவள் இறந்தபோதும் ஐப்பசிதான். எட்டுப் பேரில் அவரும் ஒருவர். பாதி வழியில் பாடையைத் தரையில் இறக்கி வைத்து, தலைப்பக்கம் மாற்றித் தூக்க வேண்டும் என்பது வழக்கம். வாய்க்காலின் நடுவில் எங்கே இறக்குவது? தலைக்குமேல் ஏந்தியபடியே, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, தண்ணீருக்குள் சுற்றினார்களாம். இதை அவர் அம்சத்திடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் வேடிக்கைக் கதைபோல. "எங்கம்மா கடைசி வரைக்கும் தரையில எறங்கவே இல்ல."

ஐயாவுவிடம் போனாள்.

"கட்டையா வெட்டுங்க சித்தப்பா. நாலு பேருக்கு."

ஐயாவு அவளை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ ஊர்வலங்களில் முழக்கமிட்ட அந்த மனிதர் இப்போது குரலைத் தாழ்த்தினார். "மரத்தை அவரு எடுக்கலேன்னா? கட்டை மூங்கிலை வச்சுக்கிட்டு வாய்க்கால்ல எறங்க முடியாதும்மா. பசங்க வேற மொறைச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. அடிதடியாயிடும்."

"தெரியும். வெட்டுங்க. நான் போயிப் பேசிட்டு வர்றேன்."

அரிவாள் இறங்கிய ஓசை அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. தாவூது துணைக்கு வந்தார்.

தெருமுனையில், பனந்துண்டுக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் துரைராசு அமர்ந்திருந்தார். வெயிலுக்குக் கோவிந்தராசு குடை பிடித்திருந்தார். சற்றுத் தள்ளி வண்டிப்பாதையில் அம்பாசடர் கார் நின்றது. பின்னிருக்கையில் ஆனந்தவல்லி இருந்தாள். துக்கத்துக்கு வந்தாளா, கணவரைக் கண்காணிக்க வந்தாளா என்று சொல்வதற்கில்லை. கண்ணாடி பாதி இறக்கப்பட்டிருந்தது.

"வாங்க எஞ்சினியரம்மா," என்றார் துரைராசு. மரியாதையும் குத்தலும் அந்த ஒரு சொல்லில் சரிபாதியாக இருந்தன.

"மரத்தை எடுக்கச் சொல்லுங்க. எங்கப்பாவைத் தூக்கற நேரமாச்சு."

"நான் ஹெலிகாப்டர் எறங்க எடம் குடுத்தேன்."

"பத்திரம் அவரு பேர்லதாங்க இருக்கு."

"இருக்கு. இல்லேன்னேனா? கோர்ட்டுக்குப் போனா நீதான் ஜெயிப்ப. போ." துரைராசு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணு தெரியணும். அதுக்காகத்தான் வேகாத வெயில்ல வந்து உக்காந்திருக்கேன். உங்கப்பன் நெசமாவே வாங்கறதா இருந்தானா? இல்ல, என்னைய வச்சு வெளையாடினானா? ஊரு பூரா சிரிக்குது. தை மாசம் திருக்கடையூருக்குப் பறக்கப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

வசவுக்கும் மிரட்டலுக்கும் அவள் ஆயத்தமாக வந்திருந்தாள். தன்னுடைய கேள்வியையே அவர் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"அது எனக்கும் தெரியணுங்க," என்றாள்.

"என்னது?"

"ஆறு மாசமா நானும் அதைத்தான் கேட்டேன். சொல்லலீங்க."

"என்னதான் சொன்னான்?"

"வாங்குறதுன்னா மொதல்ல எறங்க எடம் வேணும்லன்னு சொல்லுவாரு."

துரைராசுவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதை விழுங்கினார். "எங்கிட்டயும் அதைத்தான் சொன்னான், ராஸ்கல்." இறந்தவனைத் திட்டிவிட்டோமே என்று தோன்றியிருக்க வேண்டும், தாவூதின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் நாகூர்க்காரரா? கூடப் போனவரா?"

"ஆமாங்க."

"மெஷினைப் பாத்தீங்களா? கண்ணால?"

தாவூது பார்த்ததைச் சொன்னார். துரைராசு இடைமறித்துக்கொண்டேயிருந்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும்? பின்னால் உட்கார்ந்தால் கீழே தெரியுமா? திருக்கடையூர்க் கோபுரத்துக்கு மேலாகப் போகுமா, பக்கவாட்டில் போகுமா? பேசிக்கொள்ள முடியாத அளவுக்குச் சத்தமா? காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொன்று தருவார்கள் என்று தாவூது சொன்னபோது, அவரையறியாமல் அவருடைய கை காதைத் தொட்டுப் பார்த்தது. கோவிந்தராசுவும் குடையைச் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் துரைராசுவின் வழுக்கையில் நேராக அடித்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

திடீரென்று அவர் கேட்டார்: "அது சரி. மேலேருந்து எறங்குறதுக்கு எதுக்கு ஆத்தங்கரை வரைக்கும் எடம்? இவ்வளவும் வேணுமா?"

தாவூது அம்சத்தைப் பார்த்தார். வேணும் என்று அவர் சொன்னால் மறுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. அதைத்தான் சொல்லப்போகிறார் என்பது அவருடைய உதட்டிலேயே தெரிந்தது.

"இவ்வளவு வேணாங்க," என்றாள் அம்சம். "அந்த 'எச்' வரைக்கும் போதும். அதுக்கு அந்தப் பக்கம் உள்ளது சுடுகாட்டுக்காகத்தான் இருக்கணும். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சதை மறைச்சுப் பேச எனக்கு வராது."

துரைராசுவின் முகம் மெல்ல இறுகியது. பின்னால் தெருவில் கொட்டு தொடங்கிவிட்டது. பாடை கட்டி முடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். முனையில் ஏழெட்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள்.

"அப்ப ஏமாத்தினான்," என்றார் துரைராசு.

"ஏங்க." காரின் உள்ளேயிருந்து ஆனந்தவல்லியின் குரல் வந்தது. கதவைத் திறந்து இறங்கினாள். செம்மண்ணில் சேலை படாதவாறு கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு பனந்துண்டுவரை வந்தாள். துரைராசுவைப் பார்க்காமல் தாவூதைக் கேட்டாள்: "ஒத்த எஞ்சின் உள்ளது எங்கயும் கெடைக்கலியா?"

"கெடைச்சுதும்மா. பெங்களூர்லயே பக்கத்துல நின்னுச்சு. அதைவிடப் புதுசு. பாதி வெலை. ஓனரு கெஞ்சுனான். நான்கூட, இதை எடுத்துக்கடா, உன் தகுதிக்கு இதுவே சாஸ்தின்னேன்."

"ஏன் எடுக்கல?"

"'அந்தம்மா ஏற மாட்டாங்க'ன்னான். நான் திருப்பிச் சொன்னேன். கதவைத் தொறந்துகூடப் பாக்கலம்மா."

அம்சம் இதைக் கேள்விப்பட்டதில்லை. சற்றுமுன் தீர்ந்துவிட்டதாக அவள் நினைத்திருந்த கேள்வி மறுபடியும் எழுந்து வந்து எதிரே நின்றது.

ஆனந்தவல்லி இப்போதுதான் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டாள்:

"வாங்கப் போறதில்லேன்னா, ஒண்ணா ரெண்டான்னு அவரு எதுக்குப் பாக்கணும்?"

"அதுக்கில்ல வல்லி. நீளம் —"

"நீளம் கெடக்கு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

கொட்டுச் சத்தம் தெருவின் பாதியைக் கடந்துவிட்டது. கட்டையாக வெட்டப்பட்ட பச்சை மூங்கிலின் முனைகள் ஆட்களின் தலைக்குமேல் தெரிந்தன. அவற்றின் நீளத்தைத் துரைராசு பார்த்தார். இந்த ஊரில் பிறந்தவர் அவர். மூங்கிலின் நீளத்துக்குப் பொருள் தெரியாதவர் அல்லர். அம்சத்தின்மேல் ஒரு கணம் அவர் பார்வை நின்றது.

"முன்னாடியே வெட்டிட்டுத்தான் வந்தியா?"

"ஆமாங்க."

"நான் ஒத்துக்கலேன்னா என்ன செஞ்சிருப்ப?"

"தெரியாதுங்க."

அவர் எழுந்தார். "கோவிந்தராசு, அந்தக் கட்டையை உருட்டு."

கோவிந்தராசு குடையை மடக்கிக் காரின்மேல் சாய்த்துவிட்டு, தனியாக அதைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. முனையில் நின்ற இளைஞர்களில் இருவர் வந்து மறுமுனையில் தோள் கொடுத்தார்கள். பனந்துண்டு உருண்டு பயிரோரம் விழுந்தது. துரைராசு நாற்காலியைத் தாமே எடுத்து வழியிலிருந்து விலக்கிப் போட்டார்.

பெண்கள் தெருமுனைவரைதான் போகலாம். காளியம்மாளை இருவர் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்கால் வழியில் மூங்கில் கொல்லையின் திருப்பம் வந்ததுமே பாடை கண்ணிலிருந்து மறைந்துவிடும். அத்தோடு பெண்கள் திரும்பிக் குளிக்கப் போய்விடுவார்கள். இன்று மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால், எப்போது திரும்புவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தார்கள். இரண்டடி தள்ளி ஆனந்தவல்லியும் நின்றாள். இவர்களோடு சேர்ந்து நிற்கவில்லை. காருக்குத் திரும்பவும் இல்லை.

"ரெண்டு எஞ்சின் உள்ளது என்ன நிறம்னு கேக்கலியே," என்றாள் மெதுவாக.

"நானும் கேக்கலீங்க," என்றாள் அம்சம்.

பயிருக்கு நடுவே செம்மண் கோட்டில் நான்கு பேர் தோளில் இராஜாங்கம் போனார். முன்னால் வலப்பக்கம் தோள்கொடுத்திருந்தவர் ஐயாவு. துரைராசு வழியை விட்டு விலகி, வரப்பின்மேல் ஏறி, பாடைக்கு இணையாகக் கொஞ்சம் பின்தங்கி நடந்தார். எதற்காகப் போகிறார் என்று அவரையே கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளைக் கோடுகள் இரண்டும் இருந்த இடத்தில் ஐயாவு கையைத் தூக்கினார். நின்றார்கள். வாளி இன்னும் அங்கேயே இருந்தது. ஒருவன் அதை எடுத்து ஓரமாக வைத்தான். இரண்டு கோடுகளுக்கும் நடுவே பாடையைத் தரையில் இறக்கினார்கள். கொட்டு நின்றது. வாய்க்கரிசிப் பானையோடு நின்றவர் மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு நால்வரும் குனிந்து, இடுப்பளவு உயர்த்தி, தலைப்பக்கம் மாற்றுவதற்காக மெதுவாகச் சுழன்றார்கள். இடம் தாராளமாக இருந்தது. யாரும் யார் காலையும் மிதிக்கவில்லை. பாதிச் சுற்றில், பாடை ஒரு கணம் இரண்டு கோடுகளுக்கும் குறுக்கே நின்றது. பிறகு திரும்பி முடித்தது.

தோளுக்கு எழும்பியது.

வரப்பின்மேல் நின்றிருந்த துரைராசு இரண்டடி பின்வாங்கினார். பயிரில் ஒரு தாளும் அசையவில்லை. அவர் கை மட்டும் உயர்ந்து, தோள்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டது.